எண்ணெய் கடைசியில் வரட்டும்

மொன்றியல் மேற்குத் தீவில் கோயில் மடைக்கும் சாமத்திய வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் அந்தியேட்டிக்கும் கூடிச் சமைக்கிற அக்காமாருக்கும் அண்ணாமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். நாம் சமைக்கும் மரக்கறியில் எண்ணெய் இருக்கிற இடத்தை மாற்றுவோம். சட்டி நிறைய ஊற்றி, காயை அதில் பொரித்து, பிறகு குழம்பில் போடுகிறோமே, அந்த வேலையை ஒரு விசேஷத்துக்கு ஒரு கறி என்று நிறுத்திக்கொள்வோம். மற்றக் கறிகளுக்கு எண்ணெய் கடைசியில் வரட்டும். தாளிதமாக, தேக்கரண்டிக் கணக்கில். உப்பில்லாமல் அவித்த புரொக்கொலியை உங்கள் கோப்பையில் வைக்கப் போகிறேன் என்று பயப்படாதீர்கள். அப்படிச் சாப்பிடச் சொல்கிற ஆட்களோடு எனக்கும் ஒத்துவராது.

நம் மண்டபங்களில் மேசைமேல் வரிசையாக வைக்கும் அலுமினிய ட்ரேகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை, மச்சம் இல்லை. கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு, உருளைக்கிழங்கு பொரித்துப் பிரட்டல், வாழைக்காய்ப் பொரியல், பொரித்த பாவற்காயில் சம்பல், அப்பளம், மோர்மிளகாய், வடை, பருப்பு. இத்தனையில் பொரிக்காமல் வந்தது பருப்பு ஒன்றுதான், அதற்கும் மேலே நெய். சாப்பாடு முடிந்து ட்ரேயைச் சரித்தால் ஒரு மூலையில் சிவப்பாக எண்ணெய் தேங்கி நிற்கும். மச்சம் இல்லாதபடியால் அது சுத்தமான சாப்பாடு என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். விரதக் கணக்கில் சரி. இரத்தக் குழாய்க்கு விரதக் கணக்குத் தெரியாது.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 14 கிராம், 120 கலோரி. ஒரு கோப்பை அவித்த போஞ்சி முழுவதிலும் 45 கலோரிக்கு மேல் இல்லை. நல்லெண்ணெய், ஒலிவ் எண்ணெய், தேங்காயெண்ணெய், எதுவென்றாலும் கலோரிக் கணக்கு ஒன்றுதான்; நல்லது என்று பேர் எடுத்த எண்ணெய்க்குக் கழிவு கிடையாது.

நம் ஆட்களின் இதயத்தைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு இந்த நாட்டிலிருந்தே வந்தது. ஹமில்ரனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. அதிலிருந்து இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டவரை மட்டும் பிரித்துப் பார்த்து 2007இல் இன்னொரு கட்டுரை வந்தது. முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது நம் பக்கத்தில் 53, மற்ற நாடுகளில் ஏறத்தாழ 59. ஆறு வருட வித்தியாசம். அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. நோய் இல்லாதவர்களிடம் கேட்டபோது, தினமும் பழமும் மரக்கறியும் சாப்பிடுகிறவர்கள் மற்ற நாடுகளில் நூற்றுக்கு 45 பேர். நம் பக்கத்தில் 27 பேர்கூட இல்லை. உலகத்துக்கே மரக்கறி சமைக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சோறு, பருப்பு, கிழங்கு, பொரியல் என்று கோப்பை நிறைந்த பிறகு காய்க்கும் கீரைக்கும் மிஞ்சுகிற இடம் சோற்றின் ஓரத்தில் ஒரு கரண்டிதான்.

2019 ஜனவரியில் வந்த கனடிய உணவு வழிகாட்டியில் கோப்பையின் பாதியை மரக்கறியும் பழமும் நிரப்புகின்றன. அது தமிழிலும் கிடைக்கிறது. முந்தைய 2007ஆம் ஆண்டு வழிகாட்டியும் தமிழில் வந்திருந்தது. ஆக, அரசாங்கம் நமக்குச் சொல்லவில்லை என்று சாட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பாதிக் கோப்பை மரக்கறியை நம் இப்போதைய சமையல்படி நிரப்பினால் அதோடு எண்ணெயும் கூடும். அதனால்தான் எவ்வளவு என்பதற்கு முன் எப்படி என்று பேசவேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கம் ஊரிலிருந்து அப்படியே வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஊரில் எண்ணெய் போத்தலைக் கொண்டுபோய்க் கால், அரை என்று வாங்கிய பொருள். பொரித்த கறி என்பது விருந்தாளி வந்த நாளுக்கும் விரதம் முடிக்கிற நாளுக்கும். நாளாந்தச் சோற்றுக்கு வைத்தவை வேறு. கீரைக் கடையல், கோவா வறை, வாழைப்பூ வறை, பூசணிக்காய் வெள்ளைக்கறி, முருங்கைக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல், தக்காளிச் சொதி. ஒன்றிலும் காயைப் பொரிப்பதில்லை. இங்கே வந்த பிறகுதான் எண்ணெய் தண்ணீரைப் போல மலிந்தது. கனோலா கனடாவிலேயே பிறந்த பயிர். மனிற்றோபாவில் பால்டர் ஸ்டெஃபான்சனும் சஸ்கற்றூனில் கீத் டவுனியும் உருவாக்க, 1970களில் வயலுக்கு வந்தது. நிறைகொழுப்பு அதில் 7 வீதம் அளவில்தான், தேங்காயெண்ணெயில் 80 வீதத்துக்கு மேல். கொழுப்பின் வகையைப் பார்த்தால் கனோலாவைக் குறை சொல்ல எதுவுமில்லை. உணவகங்களுக்கு விற்கிற 16 லீற்றர் பெட்டியை நாமும் விசேஷத்துக்கு வாங்கி வருகிறோமே, அங்கேதான் கோளாறு. பெட்டி திறந்தால் முடிக்கத்தான் மனம் வரும். விருந்துக் கறி நாளாந்தக் கறியானது அப்படித்தான்.

இனி, கடைசியில் ஏன் என்பதற்கு வருகிறேன்.

கடுகு, கறிவேப்பிலை, செத்தல்மிளகாய், பெருஞ்சீரகம் இவற்றின் வாசம் கொழுப்பில் கரைகிற வாசம். சூடான எண்ணெயில் அது சில விநாடியில் இறங்கிவிடும். தாளித்துவிட்டு அதன்மேல் காயைக் கொட்டி அரை மணி நேரம் கொதிக்கவிட்டால், இறங்கிய வாசத்தில் பெரும் பங்கு நீராவியோடு போய்விடும். போன இடம் உங்களுக்கே தெரியும். மாரி காலத்தில் சென்-லூயி ஏரிப் பக்கமிருந்து அடிக்கிற காற்றுக்கு யன்னல் திறக்க முடியாது, கறிவாசம் முழுக்க அலுமாரியில் தொங்கும் கோட்டுகளில் ஏறிக்கொள்ளும். கறியில் இருக்க வேண்டியது கோட்டில் இருக்கிறது. குறைகிறதென்று மறுபடி எண்ணெய் விடுகிறோம். அதற்குப் பதிலாக, காய் அவிந்து அடுப்பை அணைத்த பிறகு இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்து மேலே ஊற்றி உடனே மூடுங்கள். ஆறு பேருக்கான கறியில் அது மொத்தம் 80 கலோரி. எண்ணெய் மேலேயே நிற்பதால் நாக்கில் முதலில் படுவதும் அதுதான். சாப்பிடுகிறவருக்கு நிறைய விட்டது போலவே இருக்கும்.

எண்ணெயே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் நம்மிடையே உண்டு. அதுவும் சரியில்லை. கரட், பூசணி, கீரை இவற்றில் இருக்கும் கரோட்டின் உடம்பில் சேர அதே சாப்பாட்டில் கொஞ்சம் கொழுப்பு இருக்க வேண்டும். அந்த இரண்டு தேக்கரண்டியோ, வறையில் போடும் ஒரு பிடி தேங்காய்ப்பூவோ போதும்.

குழம்பு வைக்கும்போது வெங்காயத்தை எண்ணெயில் பொன்னிறமாக்க வேண்டும் என்பதும் எல்லாக் கறிக்கும் பொருந்தாது. உப்புப் போட்டு மூடி வைத்தால் வெங்காயம் தன் தண்ணீரிலேயே வதங்கும், அடிப்பிடித்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். தூளையும் எண்ணெயில் வதக்கத் தேவையில்லை, ஏனென்றால் யாழ்ப்பாணத் தூள் வறுத்து அரைத்த தூள். பச்சைவாசம் போக்கும் வேலையை மிளகாயும் மல்லியும் வறுபட்டபோதே முடித்துவிட்டோம். இந்த விஷயத்தில் நம் தூளுக்கு ஈடான வசதி வேறு எந்தச் சமையலிலும் எனக்குத் தெரியாது.

கத்தரிக்காயைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சண்டை அங்கேதான் வரும்.

பொரித்த கத்தரிக்காய்க் குழம்பின் ருசியை நான் மறுக்கவில்லை. மேலே மொறுமொறுப்பும் உள்ளே வெண்ணெய்போல இளக்கமும், அதைப் புளிக்குழம்பில் போட்டு ஊறவிட்டால் அடுத்த நாள் இன்னும் ருசி. ஆனால் கத்தரிக்காயின் சதை முழுக்கக் காற்றறைகள். ஸ்பொஞ்சை எண்ணெயில் முக்கியது போலத்தான் அது குடிக்கும். ஒரு முக்கியமான விஷயம்: பொரிகிறபோது உள்ளேயிருந்து வெளியேறுகிற நீராவி எண்ணெயைத் தள்ளி வைக்கும், சட்டியிலிருந்து எடுத்த பிறகு ஆவி குளிர்ந்து சுருங்கும்போதுதான் மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயில் பெரும் பகுதி உள்ளே போகிறது. ஆகவே விசேஷத்துக்கான அந்த ஒரு பொரித்த கறியைச் செய்யும்போதும், பொரித்ததைக் குவித்து வைத்து ஆறவிடாதீர்கள். சூட்டோடு சூடாகக் கம்பித் தட்டில் பரப்பி வடியவிடுங்கள், கடதாசியால் ஒற்றுங்கள்.

மற்ற நாட்களுக்கு அவண். ஒரு கிலோ கத்தரிக்காயை விரல் நீளத்துக்கு வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் விடும், காற்றறைகள் உடைந்து அமுங்கும். பிழிந்து எடுத்து நான்கு தேக்கரண்டி எண்ணெயைக் கையால் எல்லாத் துண்டிலும் படும்படி பிரட்டுங்கள். 425 பாகை பாரன்ஹைட்டில் அவணை நன்றாகக் காயவிட்டு, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 25 முதல் 30 நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் சிவக்காது, அவிந்துவிடும். மேலே இருக்கிற தண்ணீர் போன பிறகுதான் காய் சிவக்கத் தொடங்கும். இடம் போதாவிட்டால் இரண்டு தட்டு வையுங்கள். வேறாகச் சின்ன வெங்காயம், உள்ளி, வெந்தயம், புளி, தூள், இரண்டாம் பால் போட்டுக் குழம்பைக் கூட்டி வற்றவிட்டு, கத்தரிக்காயைக் கடைசி ஐந்து நிமிடத்தில் அதில் போடுங்கள். பொரித்ததற்கு நூற்றுக்கு நூறு ஈடு என்று சொல்லமாட்டேன். அந்த மொறுமொறுப்பு வராது. ஆனால் சிவந்த ஓரத்தில் ஒரு சுட்ட வாசம் வரும், அது பொரித்ததில் கிடையாது.

பாவற்காயும் இதே வழி. மெல்லிய வட்டமாக வெட்டி உப்புப் பிசறிப் பிழிந்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயோடு 400 பாகையில் காய்ந்து மொறுகும்வரை விட்டு, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப் புளியோடு சம்பலாக்குங்கள். பரிமாறுகிற நேரத்தில்தான் கலக்க வேண்டும், இல்லையென்றால் இளகிவிடும். எயர் பிரையர் வைத்திருப்பவர்கள் அதிலும் செய்யலாம். பேர்தான் பெரிது, உள்ளே இருப்பது விசிறி வைத்த சின்ன அவண்.

அண்ணாமாரோடு தனியே ஒரு பேச்சு. 1980களில் இருந்து இங்கே வந்து இறங்கிய நம் ஆண்களில் எத்தனையோ பேர் மொன்றியல் உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவத் தொடங்கி அடுப்படிக்கு ஏறியவர்கள். தட்டுத்தட்டாகக் கரட்டும் பார்ஸ்னிப்பும் பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸும் அவணில் சிவக்க வைத்து வெள்ளைக்காரருக்கு அனுப்பிய கைகள் உங்களுடையவை. போஞ்சியை உப்புத் தண்ணீரில் நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு ஐஸ் தண்ணீரில் போட்டால் பச்சை மாறாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வித்தையை ஏன் வேலையிடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறீர்கள்? ஐஸ் தண்ணீரில் எடுத்த போஞ்சியோடு தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் கலந்து மேலே தாளித்தால் மூன்று நிமிட வறை. வீட்டுக் குசினியில் உங்களுக்கு இடம் தரமாட்டோம் என்று அக்காமார் சொன்னால் என்னிடம் சொல்லுங்கள்.

தேங்காய்க்கு வருகிறேன், இதில் கோபப்படுகிறவர்கள் அதிகம். 400 மில்லிலீற்றர் தேங்காய்ப்பால் ரின் ஒன்றில் 60 முதல் 80 கிராம் வரை கொழுப்பு, அதில் பெரும் பகுதி நிறைகொழுப்பு. அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் தேங்காயெண்ணெய் வேண்டாம் என்றே எழுதியது. ஆனால் தேங்காய் இல்லாத சமையலை நான் கேட்கவில்லை, அது நம் சமையலாக இராது. ஊரில் முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்து பிரித்தது சும்மா இல்லை. கறி அவிந்ததெல்லாம் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும். முதற்பால் இறக்குகிற நேரத்தில் கொஞ்சம். ரின்னைத் திறந்து அப்படியே கவிழ்க்கிறபோது அவிக்கிற தண்ணீரும் முதற்பாலாகிவிடுகிறது. ஒரு பங்கு ரின்பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்று வேண்டிய அளவு கரைத்து அவியுங்கள், மூன்று மேசைக்கரண்டியை மட்டும் கெட்டியாக ஒதுக்கி வைத்துக் கடைசியில் விடுங்கள். ரின்னில் மிஞ்சியதை ஐஸ் தட்டில் உறையவைக்கலாம். சொதிக்கு 2 வீத மாட்டுப்பாலும் சரிவரும், இங்கே பல வீடுகளில் அது நெடுநாள் வழக்கம். அடுப்பை அணைத்துக் கொதி அடங்கிய பிறகுதான் தேசிக்காய் விட வேண்டும், கொதிக்கும்போது விட்டால் திரைந்துவிடும்.

எண்ணெய் குறைந்த கறி சப்பென்றிருக்கிறது என்று உப்பைக் கூட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். இரத்த அழுத்தக் குளிசை எடுக்கிற வீட்டில் அது ஒன்றை விட்டு இன்னொன்றில் விழுவது. புளிப்பைக் கூட்டுங்கள். தேசிக்காய், பழப்புளி, மாங்காய், தக்காளி. சோர்சஸ் வீதி அடோனிஸ் கடையில் லெபனான்காரர் வாங்குகிற சுமாக் தூளை அவணில் சிவந்த பூக்கோவாவில் தூவிப் பாருங்கள். நம் கறித்தூளோடு அது சண்டை போடாது.

காயைப் பற்றியும் ஒரு சொல். வெண்டிக்காயும் முருங்கைக்காயும் பயற்றங்காயும் தேடித்தேடி வாடல் காயை விலை கொடுத்து வாங்குகிறோம். மாரியில் கியூபெக் மண்ணிலிருந்து நிலவறைக்குப் போய் நெடுநாள் நிற்கிற காய்கள் கோவா, கரட், பீற்றூட், ருட்டபாகா, பட்டர்நட் பூசணி. ருட்டபாகா நோக்கோலுக்குச் சொந்தக்காரன். சின்னச் சதுரமாக வெட்டி வெந்தயமும் பச்சைமிளகாயும் போட்டு வெள்ளைக்கறி வைத்தால் நோக்கோல் என்றே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கேல் இலையை நடு நரம்பு நீக்கிப் புகையிலைபோல மெல்லியதாக அரிந்தால் முருங்கை இலை வறைக்குப் பதில். கோடையில் சென்-ஆன்-டு-பெல்வூவில் மக்கில் பல்கலைக்கழகத்தின் மக்டொனால்ட் வளாகத்துப் பண்ணைச் சந்தைக்கு ஒரு நடை போங்கள், நெடுஞ்சாலையில் ஏறினால் கொஞ்சத் தூரம்தான். உறைந்த கீரையும் உறைந்த போஞ்சியும் தாழ்ந்த சரக்கு என்று நினைக்காதீர்கள். பறித்த சூட்டில் உறையவைத்தவை, பிப்ரவரியில் கடைத் தட்டில் கிடக்கும் காயைவிடப் பல நேரம் மேல்.

பிள்ளைகள் கோவா மணக்கிறது என்று ஓடுவதில் நியாயம் இருக்கிறது. அதிகம் அவிக்க அவிக்கக் கோவாவில் கந்தக வாசம் கூடும். தண்ணீர் விடாமல், மெல்லியதாக அரிந்து, பெரிய நெருப்பில் ஐந்தாறு நிமிடத்தில் இறக்கிய வறையை அதே பிள்ளைகள் சாப்பிடும்.

கூட்டச் சமையலில் மட்டும் வருகிற சிக்கல் ஒன்று உண்டு. வீட்டில் சமைத்து மண்டபத்துக்குக் கொண்டுபோகும்போது ட்ரேயைச் சூட்டோடு அலுமினியத் தாளால் இறுக்கி மூடுவதால் உள்ளே அவிந்துகொண்டே இருக்கும். பச்சைப் போஞ்சி பாசி நிறமாவதும் வறை குழைவதும் அதனால்தான். சூடாகவே பரிமாறும் கறி 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கி நெடுநேரம் கிடக்கக் கூடாது என்பதும் உண்மை. ஆகவே சொதி, குழம்பு, பருப்பு மட்டும் சூட்டில் போகட்டும். வறைக்குரிய காயைப் பாதி அவியலில் எடுத்து ஆறவைத்துக் குளிர்பெட்டியில் கொண்டுபோய், மண்டபத்துக் குசினியில் பெரிய தாச்சியில் சூடாக்கித் தேங்காய்ப்பூ போட்டு அங்கேயே தாளியுங்கள். தாளிக்கிற சத்தம் கேட்டு வரிசை தானாக வரும்.

வீட்டில் வார்ஃபரின் போன்ற இரத்தம் ஐதாக்கும் குளிசை எடுக்கும் பெரியவர்கள் இருந்தால், கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். சிறுநீரகக் குறை உள்ளவர்களும் அப்படித்தான். எண்ணெய் மிதக்காவிட்டால் அது என்ன கறி என்று கேட்கும் பெரியப்பாமாருக்கு என்னிடம் மருந்தில்லை. அவர்கள் கண்ணில் படும்படி அந்த ஒரு பொரித்த குழம்பை வரிசையின் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால் கோப்பை அங்கேயே நிறைந்துவிடும்.

அடுத்த மடைக்குப் பூசணிக்காய் வெள்ளைக்கறியும் கோவா வறையும் என் பொறுப்பு. கத்தரிக்காய் பத்துக் கிலோ வேண்டியிருக்கும், அதை ஒரு வீட்டு அவணில் சிவக்க வைக்க முடியாது. ஐந்து வீடு, வீட்டுக்கு இரண்டு கிலோ. யார் யார் எடுக்கிறீர்கள் என்று வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள். உப்புப் பிசறிப் பிழிந்து அவணில் சிவக்க வைத்தால் போதும், குழம்பு நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்களோடு கூடிச் சமைக்கும் ஒருத்தி,
புவாண்ட்-கிளேர்